முதல் குரோஷே பொம்மைக்குப் படத்தைப் பார்த்து கிட் வாங்காதீர்கள்

கொக்கி வைத்த ஊசியால் நூல் பின்னும் குரோஷேயைப் பழக ஆசைப்படும் பதின்வயதுப் பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் தொடங்குவது குட்டி பொம்மையில்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் கரடி, தவளை, கோழிக்குஞ்சு, ஆக்டோபஸ் என்று எதையாவது பின்னிப் பஞ்சு அடைக்கும் இந்த வகை ஜப்பானிலிருந்து வந்தது, அமிகுருமி என்று பெயர். பழக ஆரம்பிக்க நல்ல இடம்தான். ஸ்வெட்டர், சால்வை என்று இறங்கினால் முடிக்க மாதக்கணக்காகும், இது சில சாயங்காலங்களில் முழுசாகக் கைக்கு வந்துவிடும். ஆனால் பாதியிலேயே மூலைக்குப் போகும் கிட்டுகளும் நிறைய இருக்கின்றன. "எனக்குப் பொறுமை இல்லை", "எனக்குக் கைவேலை வராது" என்று பிள்ளைகள் தங்களையே நொந்துகொள்கிறார்கள், பாவம். பெட்டியின் மேலிருந்த பொம்மை அழகாக இருக்கிறதே என்று வாங்கியிருப்பார்கள், உள்ளே வந்த நூலிலோ எது ஸ்டிச், எது சந்து என்றே கண்ணுக்குத் தெரியாது. அந்த நூலைக் கொடுத்தால் பல வருஷம் பின்னியவர்களே தடவித்தான் பின்னுவார்கள்.

அதனால் முதல் கிட் வாங்கும்போது நூலைப் பாருங்கள், பொம்மையை அப்புறம் பார்க்கலாம்.

வெளிர் நிறம், வழுவழுப்பு, ஓரளவு தடிமன், இந்த மூன்றும் வேண்டும். மஞ்சள், வெளிர் பச்சை, வான நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் சரி. கறுப்பு, கருநீலம், அடர் பழுப்பு வேண்டாம், பகல் வெளிச்சத்திலேயே ஸ்டிச் தெரியாது. வெல்வெட் மாதிரி மொசுமொசுவென்று இருக்கும் செனில் நூலில் செய்த பொம்மைகள் தொட அவ்வளவு சுகமாக இருக்கும், கடையில் முதலில் கை போவதும் அதன்மேல்தான். ஆனால் அதில் ஸ்டிச் வெளியே தெரியவே தெரியாது, தப்பாகிவிட்டதே என்று பிரித்தால் மொசுமொசுப்பு உதிர்ந்து நூலே மெலிந்துவிடும். பழகும்போது பத்து தடவை பிரிக்க வேண்டியிருக்கும், பிரிக்க முடியாத நூலை வைத்துக்கொண்டு எப்படிப் பழகுவது? அதை மூன்றாவது நான்காவது பொம்மைக்கு எடுத்து வையுங்கள்.

நூலின் தடிமனுக்கு லேபிளில் 0 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும். முதல் பொம்மைக்கு 4 என்று போட்டிருப்பது நல்லது, 3 என்றாலும் சமாளிக்கலாம். 4-க்கு 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் ஊசி, 3-க்கு 2.5 முதல் 3 மில்லிமீட்டர் ஊசி. இதில் ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதே 4-ஆம் எண் நூலின் லேபிளில் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஊசி என்று அச்சிட்டிருப்பார்கள், கிட்டுக்குள் சின்ன ஊசி இருக்கும். தவறாக வைத்துவிட்டார்களோ என்று பதற வேண்டாம். லேபிளில் இருப்பது துணி மாதிரி தளர்வாக விழ வேண்டிய ஸ்வெட்டருக்கான கணக்கு, பொம்மைக்கு உள்ளே இருக்கும் பஞ்சு சந்து வழியாக எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் வேண்டுமென்றே ஊசியைச் சின்னதாக்கி நெருக்கமாகப் பின்னுகிறோம்.

அக்ரிலிக்கா, பருத்தியா என்றால் முதல் தடவைக்கு நான் அக்ரிலிக்கைத்தான் சொல்வேன். கொஞ்சம் இழுபடும், இறுக்கமாகப் போட்டாலும் ஊசி உள்ளே நுழைய விடும். பருத்தியில் ஸ்டிச் பளிச்சென்று தெரியும், ஆனால் இழுபடாது, இறுக்கிப் பிடிக்கும் கைக்கு அரைமணி நேரத்தில் மணிக்கட்டு வலி வந்துவிடும். இழைகள் பிரிந்து பிரிந்து ஊசி நடுவில் குத்தும் நூலாக இருந்தால் அது எதுவானாலும் எரிச்சல்தான். இதற்காகவே இழை பிரியாத, கயிறு மாதிரி பின்னிய நூலை வைத்து வரும் கிட்டுகளும் உண்டு. தி வூபிள்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிட்டுகளில் அப்படிப்பட்ட நூலோடு, முதல் சில சுற்றுகளை அவர்களே பின்னியும் அனுப்புகிறார்கள். ஆரம்பம் பின்னி வரும் கிட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஏமாற்றுவேலை ஒன்றும் இல்லை. குரோஷேயில் தொடக்கம்தான் ஆகக் கடினமான இடம், அதை இரண்டாவது பொம்மையில் கற்றுக்கொண்டால் போதும்.

மற்றபடி கிட்டுக்குள் ஊசி, நூல், அடைக்கப் பாலியஸ்டர் பஞ்சு, பிளாஸ்டிக் கண், மொக்கை முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசி, சுற்றின் தொடக்கத்தை அடையாளம் வைக்க ஸ்டிச் மார்க்கர், அச்சிட்ட செய்முறை, கூடவே வீடியோ இருக்க வேண்டும். மார்க்கர் இல்லை என்றால் ஒரு ஊக்கு போதும். குரோஷே ஊசியின் தலை அலுமினியமாகவும் பிடி ரப்பராகவும் இருந்தால் கை வலிக்காது. முழு பிளாஸ்டிக் ஊசியில் அக்ரிலிக் நூல் சிக்கிச் சிக்கி வரும், அப்படி ஒன்று கிட்டில் வந்தால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள். நூல் எவ்வளவு தருகிறார்கள் என்பதையும் பாருங்கள், அளந்து வைத்த மாதிரி கொடுத்தால் பழகிப் பார்க்க மிச்சம் இருக்காது. ஒரே பெட்டியில் ஆறு பொம்மை, எட்டு பொம்மை என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், நூல் மெல்லியதாகவும் பொம்மை கட்டைவிரல் அளவாகவும் இருந்துவிடலாம். சின்னப் பொம்மை என்றால் சுலபம் என்று தோன்றும், உண்மையில் விரல் நுழையாத இடத்தில் பின்னுவதுதான் சிரமம்.

வாங்கிக் கொடுக்கும் பெரியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், பிள்ளை இடது கைப் பழக்கமா? அப்படியென்றால் இடது கைக்கான வீடியோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எழுதிய செய்முறை இரண்டு கைக்கும் ஒன்றுதான், பின்னும் திசைதான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறும், வலது கை வீடியோவைப் பார்த்து அதை மனதுக்குள் திருப்பிக்கொண்டே பின்னுவது முதல் நாளில் ரொம்பக் கஷ்டம்.

உட்கார்ந்து தொடங்குவது

வலது கைக்காரர்களுக்கு எழுதுகிறேன். ஊசியைப் பேனா மாதிரியும் பிடிக்கலாம், கத்தி மாதிரியும் பிடிக்கலாம், எது சௌகரியமோ அது. நூல் இடது கையின் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி ஆள்காட்டி விரலின் மேல் வரட்டும், அந்த விரல்தான் நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

எடுத்த எடுப்பில் பொம்மையைத் தொடாதீர்கள். மிச்ச நூலில் கொஞ்சம் செயின் (ஊசியில் இருக்கும் லூப்புக்குள், அதாவது நூல் வளையத்துக்குள், மறுபடி மறுபடி நூலை இழுத்துக் கோக்கும் சங்கிலி) போட்டுப் பாருங்கள், அதன்மேல் சிங்கிள் குரோஷே போட்டுப் பாருங்கள். பொம்மைக்குத் தேவைப்படும் ஸ்டிச் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். கீழே உள்ள ஸ்டிச்சின் தலையில் 'வி' வடிவத்தில் இரண்டு இழை தெரியும், இரண்டுக்கும் அடியில் ஊசியை நுழைத்து நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுங்கள், ஊசியில் இப்போது இரண்டு லூப் இருக்கும், மறுபடி நூலை மாட்டி இரண்டுக்குள்ளும் ஒரே இழுப்பில் இழுத்துவிடுங்கள். முடிந்தது.

இங்கே ஒரு நுணுக்கம். ஊசியின் கொக்கிக்குக் கீழே கழுத்து மாதிரி ஒடுங்கிய இடம் இருக்கிறது இல்லையா, புதிதாகப் பழகுபவர்கள் லூப்பை அந்தக் கழுத்திலேயே நிறுத்தி இறுக்கிவிடுவார்கள். அடுத்த சுற்றில் அந்த லூப்புக்குள் ஊசி நுழையவே நுழையாது, முக்கி முக்கிக் குத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு லூப்பையும் கழுத்தைத் தாண்டி ஊசியின் முழு தடிமன் உள்ள தண்டுக்குத் தள்ளிவிட்டு அங்கே இறுகவிடுங்கள். ஊசி எத்தனை மில்லிமீட்டர் என்று எண் போட்டிருப்பது அந்தத் தண்டின் அளவைத்தான். இது ஒன்றைத் திருத்தினாலே "என் கைக்கு வரவில்லை" என்ற புலம்பல் பாதி நின்றுவிடும்.

அப்புறம் மேஜிக் ரிங். உருண்டையின் உச்சியில் ஓட்டை விழாமல் இருக்க இந்த வளையத்தில் தொடங்குகிறோம். நூலின் நுனியில் ஒரு சாண் விட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அதன்மேல் நூலைச் சுற்றிப் பெருக்கல் குறி வரும்படி செய்யுங்கள். முதல் இழைக்கு அடியில் ஊசியை விட்டு இரண்டாவது இழையைப் பிடித்து இழுத்து, ஊசியை லேசாகத் திருப்பி, ஒரு செயின் போட்டுப் பூட்டுங்கள். இந்தச் செயினை எண்ணக் கூடாது. இனி வளையத்தையும் தொங்கும் நுனியையும் சேர்த்தே பிடித்து அதன்மேல் ஆறு சிங்கிள் குரோஷே போட்டு, நுனியை இழுத்தால் நடுவிலுள்ள ஓட்டை மூடிக்கொள்ளும். நுனியைச் சேர்க்காமல் பின்னிவிட்டால் என்ன இழுத்தாலும் மூடாது.

வரவில்லையா? விட்டுவிடுங்கள், அழுதுகொண்டு உட்கார வேண்டியதில்லை. இரண்டு செயின் போடுங்கள், ஊசியிலிருந்து இரண்டாவதாக உள்ள செயினுக்குள்ளேயே ஆறு சிங்கிள் குரோஷே போடுங்கள். நடுவில் கடுகளவு ஓட்டை இருக்கும், கடைசியில் தொங்கும் நுனியால் உள்பக்கம் ஒரு தையல் போட்டால் அதுவும் மறைந்துவிடும்.

ஆறாம் வாய்ப்பாடு

இனி நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை எண்ணுவதுதான். 6, 12, 18, 24. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஸ்டிச் கூடுகிறது. ஏன் ஆறு என்று யோசித்திருக்கிறீர்களா? பள்ளியில் படித்த 2πr-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆரம் ஒரு அலகு கூடினால் சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 அலகு கூட வேண்டும். சிங்கிள் குரோஷே ஏறக்குறைய எவ்வளவு உயரமோ அவ்வளவு அகலம், ஆக ஒரு சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். ஆறுக்குக் குறைந்தால் கிண்ணமாகக் குழியும், ரொம்பக் கூடினால் ஓரம் அலையலையாக நெளியும். அந்த நெளிவையே பிடித்துக்கொண்டு, கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா தைமினா 1997-இல் காகிதத்தில் காட்டச் சிரமமான ஹைப்பர்போலிக் தளத்தை (எங்கே பார்த்தாலும் குதிரைச் சேணம் மாதிரி வளைந்திருக்கும் பரப்பு) குரோஷேயில் பின்னிக் காட்டினார். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. உங்கள் வட்டத்தின் ஓரம் நெளிந்தால் எங்கோ கூடுதலாகக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், உடனே எண்ணிப் பாருங்கள்.

எண்ணும்போது மேல் ஓரத்தில் தெரியும் 'வி'களை எண்ண வேண்டும். ஊசியில் தொங்கும் லூப் கணக்கில் சேராது. பொம்மையை வட்டம் வட்டமாகப் பூட்டாமல் சுருளாகத் தொடர்ந்து பின்னிக்கொண்டே போவதால் சுற்று எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிச்சைப் போட்ட உடனே அதில் மார்க்கரை மாட்டுங்கள், அடுத்த சுற்றில் அதைக் கழற்றிப் புது முதல் ஸ்டிச்சில் மாட்டுங்கள். மார்க்கரை மாட்டாமல் நாலு சுற்று போனவர்கள் பிரிக்காமல் தப்பிப்பது அபூர்வம்.

எந்த கிட் வைத்திருந்தாலும் முதலில் இந்த உருண்டையைப் பின்னிப் பாருங்கள், முக்கால்வாசிப் பொம்மைகளின் தலையும் உடம்பும் இதன் நீட்டல் சுருக்கல்தான்.

1-ஆம் சுற்று: வளையத்துக்குள் 6 சிங்கிள் குரோஷே.
2: ஒவ்வொரு ஸ்டிச்சிலும் இரண்டு இரண்டாகப் போடுங்கள். மொத்தம் 12.
3: ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படியே ஆறு தடவை. 18.
4: இரண்டு ஸ்டிச்சில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு, ஆறு தடவை. 24.
5 முதல் 9 வரை: கூட்டாமல் குறைக்காமல் 24.
10: இரண்டு சிங்கிள் குரோஷே, ஒரு குறைப்பு (இரண்டு ஸ்டிச்சை ஒன்றாக்குவது, எப்படி என்று கீழே சொல்கிறேன்), ஆறு தடவை. 18.
11: ஒன்று, ஒரு குறைப்பு, ஆறு தடவை. 12.
12: ஆறு குறைப்பு. 6.

கிட்டில் வரும் செய்முறையில் இதையே சுருக்கி எழுதியிருப்பார்கள், சிங்கிள் குரோஷேக்கு எஸ்சி, கூட்டுவதற்கு ஐஎன்சி, குறைப்பதற்கு டிஇசி. வரியின் கடைசியில் இருக்கும் எண் அந்தச் சுற்று முடியும்போது கையில் இருக்க வேண்டிய ஸ்டிச். அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறை என்று இரண்டு உண்டு என்பதும் நினைவிருக்கட்டும், அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். செய்முறையில் எங்காவது எஸ்சி என்று இருந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் குரோஷே என்ற பெயரே கிடையாது. பொம்மை முழுக்க டிசி (டபுள் குரோஷே) என்று மட்டும் இருந்தால் அநேகமாக பிரிட்டிஷ் முறை, சிங்கிள் குரோஷே போட்டுக்கொண்டே போங்கள்.

நாலைந்து சுற்று வந்ததும் வட்டம் கிண்ணமாகக் குழியத் தொடங்கும், அநேகமாக உள்பக்கம் வெளியே இருக்கும்படி. பார்த்தால் தெரிந்துவிடும். வெளிப்பக்கத்தில் 'வி' அடுக்கடுக்காக இருக்கும், உள்பக்கத்தில் குறுக்குக் கோடுகள் தெரியும். கோடு வெளியே தெரிந்தால் தொப்பியைப் புரட்டுவதுபோல் புரட்டிவிட்டு, ஊசி வெளியிலிருந்து உள்ளே போகும்படி பின்னுங்கள்.

குறைக்கும்போது அடுத்தடுத்த இரண்டு ஸ்டிச்சுகளிலும் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் எடுங்கள், நூலை மாட்டி அந்த இரண்டு இழைக்குள்ளும் இழுங்கள், மறுபடி மாட்டி மிச்சமிருக்கும் இரண்டு லூப்புக்குள் இழுங்கள். குறைத்த இடமே தெரியாது. முழு 'வி'யையும் எடுத்துக் குறைத்தால் ஒவ்வொரு இடத்திலும் சின்ன முடிச்சும் சந்தும் விழும், பஞ்சு எட்டிப் பார்க்கும்.

கண், பஞ்சு

ஒன்பதாவது சுற்று முடிந்ததும் நிறுத்துங்கள், வாய் அகலமாக இருக்கும்போதே கண் வைக்க வேண்டும். இந்த அளவு உருண்டைக்கு 6 மில்லிமீட்டர் கண் சரியாக இருக்கும், 8 என்றால் கொஞ்சம் முழிக்கும். பிளாஸ்டிக் கண்ணின் பின்னால் தண்டு இருக்கும், அதை வெளியிலிருந்து நுழைத்து உள்ளிருந்து வாஷரை அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டியபின் கழற்ற முடியாது. அதனால் வாஷர் இல்லாமல் முதலில் கண்ணை மட்டும் குத்தி, ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள், மேலே ஏற்றிப் பாருங்கள், கீழே இறக்கிப் பாருங்கள். பொம்மையின் முகம் இந்த இரண்டு புள்ளியில்தான் இருக்கிறது. கண்கள் நெருங்கி மேலே இருந்தால் பெரிய ஆள் மாதிரி முறைக்கும், நடுவுக்குக் கொஞ்சம் கீழே தள்ளித் தள்ளி வைத்தால் குழந்தை முகம் வந்துவிடும். ஏழாவது சுற்றுக்கும் எட்டாவது சுற்றுக்கும் இடையில், நடுவில் ஐந்து ஸ்டிச் விட்டு வையுங்கள் என்பது என் யோசனை, உங்களுக்குப் பிடித்த இடம் வேறாக இருந்தால் அதுதான் சரியான இடம்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கப் போகிற பொம்மையா? அப்படியென்றால் பிளாஸ்டிக் கண் கூடவே கூடாது. 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள், கண் பிய்ந்து வந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள்.

பஞ்சைப் பத்தாவது சுற்று முடிந்ததும் அடைக்கத் தொடங்கலாம். மொத்தமாகத் திணித்தால் உள்ளே கட்டியாகி ஒரு பக்கம் புடைக்கும், பிய்த்துப் பிய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்திலிருந்து நிரப்புங்கள், பென்சிலின் பின்பக்கத்தால் தள்ளலாம். பதினொன்றாவது சுற்றுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம். அழுத்தினால் மெத்தென்று திரும்பி வர வேண்டும், சந்து விரியும் அளவு அடைத்துவிட்டால் எடுத்துவிடுங்கள்.

கடைசி ஆறு ஸ்டிச் மிச்சமிருக்கும்போது நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, லூப் வழியாக முழுசாக இழுத்துவிடுங்கள். நூலைத் தையல் ஊசியில் கோத்து ஆறு ஸ்டிச்சின் முன்பக்க இழைகளை மட்டும் வரிசையாக எடுத்து இழுத்தால் வாய் சுருங்கி மூடும். ஒரு முடிச்சுப் போட்டு, ஊசியைப் பொம்மையின் உடம்புக்குள்ளேயே குறுக்கே விட்டு மறுபக்கம் எடுத்து, நூலை லேசாக இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய நுனி தானாக உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

காது வேண்டும் என்றால் மேஜிக் ரிங்குக்குள் 5 சிங்கிள் குரோஷே மட்டும் போட்டு, சுற்றைச் சேர்க்காமல் நுனியை இழுங்கள், அரைவட்டம் வரும், கரடிக் காது தயார். இரண்டு செய்து குண்டூசியால் குத்தி வைத்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள். குத்தாமல் நேராகத் தைத்தால் ஒரு காது ஏறி ஒரு காது இறங்கி நிற்கும்.

நடுநடுவே கையை உதறிவிட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் தாளில் ஒரு கோடு போடுங்கள். நிறுத்துவதானால் சுற்றின் முடிவில் நிறுத்தி, லூப்பில் மார்க்கரை மாட்டிவிட்டு வையுங்கள், பைக்குள் இழுபட்டுப் பிரியாது.

அடுத்த கிட் வாங்கும்போது படத்தில் தனியாகத் தைக்க வேண்டிய பாகங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நாலு கால், இரண்டு கை, வால், மூக்கு என்று போனால் பின்னுவதைவிடத் தைப்பதற்குத்தான் அதிக நேரமாகும், அது நாலைந்து பொம்மை முடித்தபின் பார்க்கலாம். இரண்டாவதாக ஆக்டோபஸ் செய்யலாம், மேலே சொன்ன உருண்டையே போதும். கால்களுக்கு இருபது செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒவ்வொன்றிலும் மூன்று சிங்கிள் குரோஷே போட்டுக்கொண்டே வாருங்கள், அளவுக்கு மேல் கூட்டுவதால் கால் தானாகவே சுருண்டுகொள்ளும். எட்டுக் கால் செய்து அடியில் தைத்துவிடுங்கள்.